பட்டை சேர்த்தால் பாரம் தாங்குமா?

ஆம்பூரிலிருந்து காலணிப் பெட்டிகளை ஏற்றிவரும் பிக்அப் வண்டியில் கூண்டு கூரைவரை நிரம்பினாலும் எடை அளவுக்குள்தான் நிற்கும். அதே வண்டியில் கிரானைட் பலகை ஏற்றினால் நிலைமை வேறு. ஒரு சதுர மீட்டர் பரப்பும் 2 செ.மீ. தடிமனும் உள்ள பலகை ஏறத்தாழ 54 கிலோ இருக்கும். அப்படிப்பட்ட 28 பலகைகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தால் உயரம் 56 செ.மீ.தான், எடையோ 1,500 கிலோவைத் தாண்டிவிடும். தொட்டி பார்வைக்குக் காலியாகவே இருக்கும், வண்டியின் பின்பக்கம் மட்டும் தரையை நோக்கி இறங்கியிருக்கும்.

அப்போது உரிமையாளர் தேடிப்போவது ஸ்பிரிங் பட்டறையை. “பின்னால் இரண்டு பட்டை கூடுதலாகப் போட்டுவிடுங்கள்” என்பார். பட்டை என்பது வண்டியின் பாரத்தைச் சக்கர அச்சின்மேல் ஸ்பிரிங்காகத் தாங்கும் வளைந்த எஃகுத் தகடு. வேலூர், ராணிப்பேட்டை, வாணியம்பாடி என்று பழைய வட ஆற்காட்டின் நெடுஞ்சாலையோரங்களில் அன்றாடம் நடக்கிற வேலை இது. பட்டை சேர்ந்ததும் வண்டி நிமிர்ந்துவிடும். வண்டியின் கொள்திறனே கூடிவிட்டது என்று அவரும் நம்பிவிடுவார். இந்த நம்பிக்கை ஆபத்தானது. நிமிர்ந்து நிற்பதற்கும் பாரம் தாங்குவதற்கும் இடையே என்ன வேறுபாடு என்று விளங்க, அந்தப் பட்டை எப்படி வேலை செய்கிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

பின்சக்கர அச்சின்மேல் இரு பக்கமும் கிடக்கும் பட்டைத் தொகுதியில் மேலே இருப்பது மெயின் பட்டை. அதன் இரு முனைகளும் வளையமாகச் சுருட்டப்பட்டு, முன்முனை சேசிஸில், அதாவது வண்டியின் அடிச்சட்டத்தில், நேராகவும் பின்முனை ஷாக்கிள் என்ற ஆடும் இணைப்பு வழியாகவும் மாட்டப்பட்டிருக்கும். பாரம் ஏறும்போது பட்டையின் வளைவு குறைந்து நீளுமல்லவா, அந்த நீட்சிக்கு இடம் கொடுக்கத்தான் ஷாக்கிள் ஆடுகிறது. மெயின் பட்டைக்குக் கீழே படிப்படியாகக் குட்டையாகும் பட்டைகள் வருகின்றன. வளைக்கும் விசை நடுவில், அதாவது தொகுதியை அச்சோடு சேர்த்து இறுக்கும் யூ போல்ட் பிடித்திருக்கும் இடத்தில், மிக அதிகம். முனைக்குப் போகப்போகக் குறைந்து பூச்சியமாகிவிடும். எங்கே விசை அதிகமோ அங்கே இரும்பு அதிகம் இருக்கட்டும் என்ற சிக்கனம்தான் அந்தப் படிக்கட்டு அமைப்பு.

தொகுதியைப் பிரித்துத் தரையில் வரிசையாகப் போட்டுப் பார்த்தால் இன்னொரு நுட்பம் தெரியும். எல்லாப் பட்டைக்கும் ஒரே வளைவு இருக்காது. கீழே உள்ள குட்டைப் பட்டைகள் மேலே உள்ளவற்றைவிடச் சற்று அதிகமாக வளைந்திருக்கும். ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தால் நடுவில் மெல்லிய இடைவெளி தெரியும். எல்லாப் பட்டைகளையும் நடுத்துளை வழியாகக் கோத்துப் பிடிக்கும் சென்டர் போல்ட்டை முறுக்கும்போதுதான் அந்த இடைவெளி மூடும். அப்படி மூடும்போது மெயின் பட்டைக்குப் பாரத்தால் வரப்போகும் வளைவுக்கு எதிர்த்திசையில் முன்கூட்டியே ஒரு விசை ஏறிவிடுகிறது. சக்கரத்தைப் பிடித்து வைப்பதும், பிரேக் போடும்போது வண்டியை இழுப்பதும், திருப்பத்தில் பக்கவாட்டு விசையைத் தாங்குவதும் மெயின் பட்டையின் வேலையாக இருப்பதால், பாரத்தில் அதன் பங்கைக் குறைத்து வைக்கும் ஏற்பாடு இது. பழைய இரும்புக் கடையில் கிடைத்த ஏதோ ஒரு பட்டையை அளவுக்கு வெட்டி நடுவில் செருகினால் கெடுவது முதலில் இந்த ஒழுங்குதான். அதன் வளைவு குறைவாக இருந்தால் அது பாரத்தில் சேராமல் சும்மா கிடக்கும். அதிகமாக இருந்தால் பாரத்தையெல்லாம் தானே வாங்கிக்கொண்டு சீக்கிரம் உடையும்.

விறைப்பு, அதாவது பாரத்துக்கு எளிதில் வளைந்துகொடுக்காத தன்மை, அதன் கணக்குக்கு வருவோம். ஒரே மாதிரியான ஐந்து பட்டைகளோடு ஆறாவது ஒன்றைச் சேர்த்தால் விறைப்பு ஏறக்குறைய 20 சதவீதம் கூடும். தடிமனில் கை வைத்தால் மாற்றம் இதைவிடப் பெரிது, ஏனென்றால் விறைப்பு தடிமனின் மும்மடிக்கு ஏற்ப ஏறுகிறது. 7 மி.மீ. பட்டைகளுக்குப் பதில் 8 மி.மீ. பட்டைகள் போட்டால் கூடுவது ஏழில் ஒரு பங்கு இரும்புதான். விறைப்பு ஒன்றரை மடங்காகிவிடும். நீளமும் மும்மடிக் கணக்கில்தான் வருகிறது, ஆனால் தலைகீழாக: பட்டை நீளமானால் மிருதுவாகும். பட்டறைகளில் அடிக்கடி கேட்கும் ஒரு நம்பிக்கையையும் இங்கே திருத்த வேண்டும். உயர்ந்த ரக எஃகு போட்டால் வண்டி இறங்காது என்பது சரியல்ல. எல்லா எஃகுக்கும் மீள்தன்மை ஏறக்குறைய ஒன்றே. நல்ல எஃகும் நல்ல பதமும், பட்டை உடையாமலும் நிரந்தரமாகத் தட்டையாகிவிடாமலும் காக்கும். எவ்வளவு இறங்கும் என்பதை முடிவு செய்வது அளவுகள்தான்.

ஒவ்வொரு பக்கத் தொகுதியும் 100 கிலோவுக்கு 1 செ.மீ. இறங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். 1,400 கிலோ பின்னச்சில் ஏறினால் பக்கத்துக்கு 700 கிலோ, 7 செ.மீ. இறக்கம். ஆறாவது பட்டைக்குப் பிறகு அது 6 செ.மீ.க்குச் சற்றுக் குறைவாகும். இறக்கம் குறைந்ததே தவிர, அச்சின்மேல் இருக்கும் 1,400 கிலோவில் ஒரு கிராம்கூடக் குறையவில்லை. பெயரிங், அச்சுக்கூடு, டயர், சக்கர போல்ட், பிரேக் எல்லாம் அதே எடையைத்தான் சுமக்கின்றன. இறங்கிய பின்பக்கம் ஓர் எச்சரிக்கை. பட்டை சேர்த்தவர் அந்த எச்சரிக்கையை அணைத்துவிட்டு இன்னும் 500 கிலோ ஏற்றுகிறார்.

டயரை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் பக்கவாட்டில் அளவுக்குப் பின்னால் ஓர் எண் பொறித்திருக்கும்; அது சுமைக் குறியீடு. 106 என்றிருந்தால் அந்த டயர் தாங்குவது 950 கிலோ, இரண்டு சேர்ந்தால் 1,900 கிலோ. வெற்று வண்டியின் பின்னச்சிலேயே 600 கிலோ இருந்தால் மிச்சம் 1,300 கிலோதான். பட்டை எத்தனை போட்டாலும் இந்த எண் மாறாது.

சுமை எங்கே உட்காருகிறது என்பதும் எடைக்குச் சமமாக முக்கியம். முன்னச்சுக்கும் பின்னச்சுக்கும் இடையே 3 மீட்டர் உள்ள வண்டியில் 1,500 கிலோ சுமையின் மையம் பின்னச்சுக்கு 30 செ.மீ. முன்னால் இருந்தால் பின்னச்சில் 1,350 கிலோ விழும். 150 கிலோ முன்னால் போகும். அதே சுமை 30 செ.மீ. பின்னால் தள்ளிப்போனால் பின்னச்சில் 1,650 கிலோ விழும். முன்சக்கரங்களிலிருந்து 150 கிலோ பிடுங்கப்படும். ஸ்டியரிங் லேசாகி, முன்பிரேக் பிடிப்புக் குறையும். கம்பியும் பைப்பும் தொட்டிக்கு வெளியே நீட்டிக்கொண்டு போகும் வண்டிகளில் நடப்பது இதுதான். இதற்குப் பட்டையில் மருந்து இல்லை, சுமையை முன்னால் நகர்த்துவதுதான் மருந்து.

பட்டை மாற்றுகிற பலர் எட்டிப்பார்க்காத ஒரு பாகம் உண்டு. பல பிக்அப்களில் பின்னச்சிலிருந்து சேசிஸை நோக்கி ஒரு மெல்லிய கம்பி அல்லது சிறு ஸ்பிரிங் போகும். சேசிஸில் உள்ள ஒரு பிரேக் வால்வின் நெம்புகோலில் அது முடியும். சேசிஸுக்கும் அச்சுக்கும் உள்ள இடைவெளி குறைந்தால் வண்டியில் பாரம் இருக்கிறது என்று கொண்டு அந்த வால்வு பின்பிரேக்குக்கு அதிக அழுத்தத்தை விடும். இடைவெளி அதிகமாக இருந்தால் வண்டி காலி என்று கொண்டு, பின்சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்காமலிருக்க அழுத்தத்தைக் குறைக்கும். விறைப்பான பட்டை போட்ட பிறகு முழுப் பாரத்திலும் இடைவெளி முன்போல் குறைவதில்லை. வால்வுக்கு வண்டி பாதி காலியாகவே தெரிகிறது. எந்தச் சக்கரங்கள் அதிக எடையைச் சுமக்கின்றனவோ அவற்றின் பிரேக் பலவீனமாகிவிடுகிறது. 14 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட ஏலகிரிப் பாதையில் அப்படி ஒரு வண்டி இறங்குவதை நினைத்தாலே எனக்குப் பதறுகிறது. 100 மீட்டர் உயரம் இறங்கும்போது, கூடுதலாக ஏற்றிய ஒவ்வொரு டன்னும் ஏறக்குறைய 10 லட்சம் ஜூல் ஆற்றலைத் தருகிறது. மூன்று லிட்டர் குழாய்த் தண்ணீரைக் கொதிக்கவைக்கப் போதுமான வெப்பம் அது. எஞ்சின் பிடிப்பு தாங்கியதுபோக மீதியெல்லாம் பிரேக்கில்தான் இறங்கும். பட்டையின் விறைப்பை மாற்றினால் இந்த வால்வையும் தயாரிப்பாளரின் அளவுப்படி சரிசெய்தே ஆக வேண்டும்.

வண்டி வெறுமையாக ஓடும்போதும் இதற்கு விலை கொடுக்க வேண்டும். மேலே சொன்ன கணக்கில் காலி வண்டியின் உடல் பின்பக்கம் பக்கத்துக்கு 250 கிலோ அழுத்துவதாகக் கொண்டால், அது நொடிக்கு 3 தடவைக்குச் சற்று அதிகமாக ஆடும். விறைப்பை ஒன்றரை மடங்காக்கினால் அது 4 தடவையை நெருங்குகிறது. மனித உடல் மேலும்கீழுமான குலுக்கலை மிக அதிகமாக உணர்வது நொடிக்கு 4 முதல் 8 தடவை வரையிலான ஆட்டத்தில். சரக்கை இறக்கிவிட்டுத் திரும்பும் ஓட்டுநரின் இடுப்புக்கு வலி வந்து சேர்வது இந்த வழியில்தான். ஷாக் அப்சார்பரையும் இதற்கேற்ப மாற்றாவிட்டால், பள்ளத்தில் அழுந்திய பட்டை திரும்பி எழும்பும் வேகத்தை அடக்க ஆளில்லாமல் சக்கரம் சாலையை விட்டுத் துள்ளும்.

வெற்று வண்டியின் இந்தக் குலுக்கலுக்கு நல்ல தீர்வு ஹெல்ப்பர் பட்டை. தொகுதிக்கு மேலே தனியாக, முனைகளுக்கும் சேசிஸில் உள்ள தாங்கிகளுக்கும் இடையே இடைவெளி விட்டு அமைவது அது. வண்டி காலியாக இருக்கும்போது எதையும் தொடாது. பாரம் ஏறிச் சேசிஸ் குறிப்பிட்ட அளவு இறங்கியதும் தாங்கிகள் அதன்மேல் வந்து உட்கார, அங்கிருந்து விறைப்பு கூடும். காற்றுப் பைகளும் இதே வேலையைச் செய்கின்றன. 12 செ.மீ. விட்டமுள்ள பையில் சதுர செ.மீ.க்கு 4 கிலோ அழுத்தம் ஏற்றினால் ஏறத்தாழ 450 கிலோ தூக்கும். சரக்கு இறங்கியதும் காற்றைக் குறைத்துவிடலாம். எனக்கு ஹெல்ப்பர் பட்டையே மேல். பட்டைத் தொகுதி பாரத்தை முன்முனை, பின்முனை என்று சேசிஸின் இரு இடங்களில் பிரித்துக் கொடுக்கிறது. காற்றுப் பையோ அச்சுக்கு நேர்மேலே ஒரே இடத்தில் குத்தி நிற்கும். அச்சுக்குப் பின்னால் பாரம் தொங்கும் வண்டிகளில் சேசிஸ் வளைந்துபோக இது வழிசெய்துவிடும்.

ஆனால் பின்பக்கம் இறங்கியதற்குக் காரணமே பட்டை தளர்ந்ததாக இருக்கலாம். அப்படியானால் சேர்ப்பதற்கு ஒன்றுமில்லை, அதே அளவில் புதிய தொகுதி போடுவதே சரி. தளர்ந்த பட்டையை அடுப்பில் காய்ச்சி அடித்து வளைவு ஏற்றுவது மலிவான வழிதான். அப்படிக் காய்ச்சிய பட்டையை முறையாக எண்ணெயில் குளிரவைத்து, பிறகு அளவான சூட்டில் மறுபதம் கொடுத்தால்தான் பழைய உறுதி வரும். வெறுமனே ஆறவிட்ட பட்டை மென்மையாகி மறுபடி தட்டையாகும். தண்ணீரில் அமிழ்த்திய பட்டை நொறுங்கும் தன்மை பெறும். பட்டையில் வெல்டிங் வைப்பது அறவே கூடாது.

உடைந்த பட்டையின் முகத்தைக் கையில் எடுத்துப் பாருங்கள். பெரும்பாலும் சென்டர் போல்ட் துளையின் ஓரத்தில்தான் உடைந்திருக்கும். ஒரு பகுதி வழவழப்பாக, வளைந்த மெல்லிய கோடுகளுடன், துருப்பிடித்து மங்கியிருக்கும். மறுபகுதி சொரசொரப்பாகப் பளிச்சென்று மின்னும். வழவழப்பான பகுதி, விரிசல் ஒவ்வொரு குலுக்கலிலும் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே நகர்ந்த காலத்தின் பதிவு. மின்னும் பகுதி, மிச்சமிருந்த இரும்பு ஒரே பள்ளத்தில் அறுந்த கணம். மங்கிய பகுதி பெரிதாக இருந்தால் அந்தப் பட்டை நெடுநாள் எச்சரித்துக்கொண்டே இருந்திருக்கிறது. யூ போல்ட் தளர்ந்திருந்தால் இந்த விரிசல் விரைவில் தொடங்கும். அதனால்தான் புதிய பட்டை போட்டுச் சில நூறு கிலோமீட்டர் ஓடியதும் அவற்றை மறுபடி முறுக்கச் சொல்கிறார்கள்.

சட்டத்தின் நிலை தெளிவானது. பதிவுச் சான்றிதழில் வெற்று எடையும் மொத்த எடையும் இருக்கும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான், ஓட்டுநரையும் சேர்த்து, ஏற்றக்கூடிய பாரம். பட்டை சேர்த்ததால் அந்த மொத்த எடை உயராது. மீறினால் 2019 திருத்தத்துக்குப் பிறகு மோட்டார் வாகனச் சட்டத்தின் 194ஆம் பிரிவில் 20,000 ரூபாயும், கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாயும் அபராதம். அன்றாடம் அளவைத் தாண்டித்தான் ஏற்ற வேண்டியிருக்கிறது என்றால் அடுத்த பெரிய வண்டியை வாங்குவதே கணக்குக்குச் சரி.

பட்டறைக்குப் போகுமுன் வழக்கமான சுமையுடன் எடைமேடைக்கு ஒருமுறை போய்வாருங்கள். முதலில் முழு வண்டியையும் நிறுத்தி எடை போடுங்கள். பிறகு முன்சக்கரங்கள் மேடையைத் தாண்டி வெளியே நிற்கும்படி வண்டியை நகர்த்தி, பின்சக்கரங்களை மட்டும் எடை போடுங்கள். முதல் எண்ணைப் பதிவுச் சான்றிதழோடும், இரண்டாவது எண்ணை டயரின் குறியீட்டோடும் ஒப்பிடுங்கள். இரண்டும் அளவுக்குள் இருந்தும் வண்டி இறங்குகிறது என்றால் பட்டையில் கை வைக்கலாம்.