ஸ்டீம் கனெக்ட் ஆகவில்லையா? ஃபயர்வாலை அணைக்கும் முன் இதைப் படியுங்கள்

பள்ளி விடுமுறை விட்டால் போதும், எங்கள் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடைக்கு ஒரே மாதிரி போன் வரும். "நெட் நல்லா இருக்கு, ஸ்டீம் மட்டும் கனெக்ட் ஆகல சார்." ஸ்டீம் என்பது கம்ப்யூட்டர் விளையாட்டுகளை வாங்கி விளையாடும் தளம். பெரும்பாலும் சின்ன வேலைதான். என் கவலை அந்தக் கோளாறு பற்றி இல்லை. நாங்கள் போவதற்குள் வீட்டிலேயே செய்து முடித்திருக்கும் வைத்தியங்கள் பற்றி. கம்ப்யூட்டருக்குக் காவலாக நிற்கும் ஃபயர்வால் அணைந்திருக்கும். ஆன்டிவைரஸ் நீக்கப்பட்டிருக்கும். ஏதோ ஒரு வீடியோவின் கீழே இருந்த லிங்க்கில் 'ஃபிக்ஸ்' என்று ஒரு ஃபைல் இறங்கி, அட்மின் அனுமதியோடு ஓடியும் முடிந்திருக்கும். அதே கம்ப்யூட்டரில்தான் அப்பா வங்கிக் கணக்கைத் திறக்கிறார், அக்கா கல்லூரிக் கட்டணம் கட்டுகிறார்.

எதையும் மாற்றுவதற்கு முன் பழுது எந்தப் பக்கம் என்று தெரிய வேண்டும். அதற்கு உங்கள் கைபேசி ஒன்றே போதும்.

முதலில் வீட்டு வைஃபையைத் துண்டித்து, மொபைல் டேட்டாவில் ஸ்டீம் செயலியைத் திறந்து பாருங்கள். அங்கேயும் வரவில்லை என்றால் பழுது பெரும்பாலும் உங்கள் வீட்டில் இல்லை. ஸ்டீமை நடத்தும் வால்வ் நிறுவனம் வாரந்தோறும் பராமரிப்பு வேலை செய்கிறது. அமெரிக்க மேற்குக் கரையில் செவ்வாய் பிற்பகல், நமக்குப் புதன் அதிகாலை. அந்த நேரத்தில் கண் விழித்து விளையாடுகிறவர்கள் இணைப்பு அறுந்ததும் பதறிப்போய் எல்லா செட்டிங்கையும் கலைத்துவிடுகிறார்கள். கொஞ்ச நேரம் பொறுத்திருந்தால் தானாகச் சரியாகியிருக்கும்.

கைபேசியில் ஸ்டீம் வந்தால், அதன் ஹாட்ஸ்பாட்டில் கம்ப்யூட்டரை இணையுங்கள். இப்போது கனெக்ட் ஆனால் சிக்கல் வீட்டு லைனிலோ ரவுட்டரிலோ இருக்கிறது. ஆகவில்லை என்றால் கம்ப்யூட்டருக்குள் இருக்கிறது. இந்த ஒரு சோதனையைச் செய்துவிட்டு எங்களுக்குப் போன் செய்கிறவர்களுக்குப் பாதி வேலை அப்போதே முடிந்துவிடும்.

கம்ப்யூட்டருக்குள் என்றால் நான் முதலில் பார்ப்பது திரையின் மூலையிலுள்ள தேதியை. பழைய டெஸ்க்டாப் என்றால் கட்டாயம் பாருங்கள். மதர்போர்டில் சிஆர்2032 என்ற வட்ட பேட்டரி ஒன்று இருக்கும். அது தீர்ந்துவிட்டால், சுவிட்சை அணைத்துப் போடும்போதெல்லாம் தேதி பல வருடம் பின்னால் போய்விடும். ஸ்டீம் தன் சர்வரோடு பேசும்போது பாதுகாப்புச் சான்றிதழைச் சரிபார்க்கிறது. சான்றிதழுக்குத் தொடங்கும் நாளும் முடியும் நாளும் உண்டு. கம்ப்யூட்டர் 2015-இல் இருப்பதாக நினைத்துக்கொண்டிருந்தால், அந்தச் சான்றிதழ் இன்னும் பிறக்கவே இல்லை என்று நிராகரித்துவிடும். பிரவுசராவது தேதியைச் சுட்டிக்காட்டி எச்சரிக்கும். ஸ்டீம் பெரும்பாலும் 'கனெக்ட் செய்ய முடியவில்லை' என்பதோடு நிறுத்திக்கொள்ளும். பேட்டரியின் விலை மிகக் குறைவு. இதைக் கவனிக்காமல் விண்டோஸையே புதிதாகப் போட்டவர்கள் இருக்கிறார்கள். போட்ட பிறகும் அதே பிழைதான் வந்தது.

விண்டோஸ் 7, 8, 8.1 வைத்திருப்பவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். 2024 ஜனவரி 1 முதல் ஸ்டீம் இவற்றுக்கான ஆதரவை நிறுத்திவிட்டது. பழைய விண்டோஸிலும் ஓட வைக்கிறோம் என்று சுற்றும் ஃபைல்களைத் தொடாதீர்கள்.

அடுத்தது இலவச விபிஎன். அதை நீக்கிய பிறகும் அது வைத்துவிட்டுப் போன ப்ராக்ஸி அமைப்பு, அதாவது இணைப்பை வேறு சர்வர் வழியாகத் திருப்பும் அமைப்பு, சில கம்ப்யூட்டர்களில் அப்படியே கிடக்கும். விண்டோஸ் நெட்வொர்க் செட்டிங்கில் ப்ராக்ஸி பக்கத்தைத் திறந்து, நீங்கள் வைக்காத முகவரி ஏதாவது இருந்தால் அணைத்துவிடுங்கள்.

ஃபயர்வாலுக்கு வருகிறேன். விண்டோஸ் ஃபயர்வால் இயல்பாகவே உள்ளேயிருந்து வெளியே போகும் இணைப்புகளை அனுமதிக்கிறது. வெளியிலிருந்து அழைக்காமல் வருவதைத்தான் தடுக்கிறது. ஸ்டீமில் லாகின் செய்வது வெளியே போகும் இணைப்பு. ஆகவே நீங்களோ வேறு மென்பொருளோ விதிகளை மாற்றாத வரை, ஃபயர்வாலை அணைப்பதால் லாகின் பிழை சரியாக வாய்ப்பே குறைவு. காவல் போனதுதான் மிச்சம். தனியாக வாங்கிப் போட்ட ஆன்டிவைரஸ் தடுக்கிறது என்று சந்தேகம் வந்தால், அதில் ஸ்டீமுக்கு மட்டும் விலக்கு கொடுங்கள்.

சிக்கல் வீட்டு லைனில் என்றால் ரவுட்டரை அணைத்து ஒரு நிமிடம் கழித்துப் போடுங்கள். வைஃபைக்குப் பதில் கேபிள் போட்டுப் பாருங்கள். தளத்தின் பெயரை எண் முகவரியாக மாற்றித் தரும் டிஎன்எஸ் சர்வரின் முகவரியை 1.1.1.1 அல்லது 8.8.8.8 என மாற்றிப் பாருங்கள்.

லாகின் ஆகிறது, கடையும் சாட்டும் வருகின்றன, நண்பன் தன் கம்ப்யூட்டரில் நடத்தும் ஆட்டத்தில் மட்டும் சேர முடியவில்லை என்றால் அது வேறு கதை. இணையத்தில் ஒவ்வொரு இணைப்பையும் அடையாளம் காட்டும் ஐபிவி4 எண் முகவரிகள் பற்றாக்குறை என்பதால் இணைய நிறுவனங்கள் பல வீடுகளை ஒரே பொது முகவரிக்குப் பின்னால் வைக்கின்றன. ரவுட்டரின் வான் (WAN) முகவரி, அதாவது இணைய நிறுவனம் ரவுட்டருக்குக் கொடுத்த முகவரி, 100.64 முதல் 100.127 வரையுள்ள எண்களில் தொடங்கினால் நீங்களும் அப்படித்தான் இருக்கிறீர்கள். வெளியிலிருந்து வரும் இணைப்புக்கு ரவுட்டரில் போர்ட் என்ற வழியைத் திறந்தாலும், எல்லா வழியையும் திறந்துவிடும் டிஎம்இசட்-இல் கம்ப்யூட்டரைப் போட்டாலும் பயன் இல்லை. அடுத்த கதவு நிறுவனத்திடம் இருக்கிறது. தனிப் பொது முகவரி கிடைக்குமா என்று அவர்களிடம் கேளுங்கள். பொதுவாக அதற்குக் கூடுதல் கட்டணம் இருக்கும்.

இத்தனையும் சொல்வதற்குக் காரணம் ஒரு பிளஸ் டூ மாணவன். கனெக்ட் ஆகவில்லை என்று குழு சாட் ஒன்றில் உதவி கேட்டிருக்கிறான். 'ஸ்டீம் சப்போர்ட்' என்ற பெயரில் ஒருவர் தனியாகப் பேச வந்து, அக்கவுண்டைச் சோதிக்க வேண்டும் என்று பாஸ்வேர்டையும் லாகினை உறுதிசெய்ய வரும் ஸ்டீம் கார்டு குறியீட்டையும் வாங்கிக்கொண்டார். ஆசையாகச் சேர்த்த ஆட்டப் பொருட்கள் எல்லாம் போயின. வீட்டில் திட்டுவார்கள் என்று பயந்து பையன் வெளியே சொல்லவே இல்லை. பெற்றோர்களே, சொன்னால் திட்டு விழாது என்ற தைரியத்தைப் பிள்ளைக்குக் கொடுங்கள். ஸ்டீமின் உண்மையான உதவி அதன் உதவிப் பக்கம் வழியாகத்தான் வரும். அவர்கள் சாட்டிலோ டிஸ்கார்டிலோ தேடி வரமாட்டார்கள், பாஸ்வேர்டும் கேட்கமாட்டார்கள்.

ஏற்கெனவே கொடுத்துவிட்டீர்கள் என்றால், நம்பகமான வேறு சாதனத்திலிருந்து முதலில் மின்னஞ்சல் பாஸ்வேர்டை மாற்றுங்கள், ஏனென்றால் ஸ்டீம் அக்கவுண்டை மீட்கும் வழி பெரும்பாலும் அதுதான். பிறகு ஸ்டீம் பாஸ்வேர்டு. எல்லாச் சாதனங்களிலிருந்தும் வெளியேறச் செய்யுங்கள். ஸ்டீம் தளத்தில் ஏபிஐ கீ (வேறு மென்பொருள் உங்கள் அக்கவுண்டை அணுக உதவும் சாவி) பக்கத்தைப் பார்த்து, நீங்கள் உருவாக்காதது இருந்தால் நீக்குங்கள். தெரியாத ஃபைலை அட்மின் அனுமதியோடு ஓட்டியிருந்தால், படங்களையும் ஆவணங்களையும் எடுத்து வைத்துக்கொண்டு விண்டோஸைப் புதிதாகப் போடுவதே என் பரிந்துரை. அதுவரை அந்தக் கம்ப்யூட்டரில் வங்கிப் பக்கத்தைத் திறக்க வேண்டாம். பணம் போயிருந்தால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-ஐ அழையுங்கள், வங்கிக்கும் சொல்லுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ, பணம் கைமாறும் முன் முடக்க அவ்வளவு வாய்ப்பு.