தூக்கி வைத்திருந்தால் கை பழகிவிடுமா?

"கீழே விட்டாலே அழறா டாக்டர். தூக்கித் தூக்கிக் கையிலேயே பழக்கிட்டேன்னு வீட்டுல எல்லாரும் சொல்றாங்க." கைக்குழந்தையோடு வரும் தாய்மார்கள் பலர் இதைக் குற்ற உணர்வோடு சொல்வார்கள். குழந்தை மருத்துவராக நான் அவர்களுக்குத் தரும் பதிலில் பாதி, குரங்கு ஆய்வுகளிலிருந்து வந்தது.

1950-களில் அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் ஹாரி ஹார்லோ என்ற உளவியலாளர் ரீசஸ் குரங்குக் குட்டிகளைப் பிறந்த சில மணி நேரத்திலேயே தாயிடமிருந்து பிரித்து வளர்த்தார். கூண்டில் இரண்டு பொம்மைத் தாய்கள். ஒன்று வெறும் கம்பி வலை, அதில் பால்புட்டி. மற்றதில் மெத்தென்ற துணி சுற்றியிருக்கும், பால் கிடையாது. பால் கொடுப்பவரிடம்தான் பிள்ளை ஒட்டும் என்று அன்றைய உளவியல் நம்பியது. குட்டிகளோ பசித்தால் மட்டும் கம்பியிடம் போய்க் குடித்துவிட்டு, மீதிப் பொழுதெல்லாம் துணித் தாயைக் கட்டிக்கொண்டு கிடந்தன. பயந்தால் ஓடியதும் அதனிடம்தான். அந்தக் குட்டிகள் பட்ட பாடு கொடுமையானது, அதை மறைத்துப் பேச எனக்கு மனம் வரவில்லை. ஆனால் பால் போலவே அணைப்பும் ஒரு தேவை என்று அவை காட்டிவிட்டன.

ரீசஸ் குரங்கு நமக்குத் தூரத்துப் பங்காளி. அந்த உறவின் தடயம் நம் குழந்தைகளிடம் இன்னும் இருக்கிறது. பிறந்த குழந்தையின் உள்ளங்கையில் விரலை வைத்தால் இறுகப் பிடித்துக்கொள்ளும். தாயின் ரோமத்தைப் பற்றி வாழ்ந்த மூதாதைகளிடமிருந்து வந்த பழக்கம் இது என்பது பொதுவான விளக்கம்.

தாய்ப்பாலும் அதைத்தான் சொல்கிறது. முயல் தன் குட்டிகளை வளையில் விட்டுவிட்டு, பெரும்பாலும் நாளுக்கு ஒருமுறை வந்து பால் கொடுக்கும். அந்தப் பால் அவ்வளவு கெட்டி. மனிதத் தாய்ப்பாலில் புரதம் சுமார் 1 சதவீதம்தான். குரங்குப் பாலும் நீர்த்ததே. குட்டியைக் கூடவே வைத்துக்கொண்டு அடிக்கடி கொடுப்பதற்கான பால் இது. "இப்பத்தானே குடிச்சது, அதுக்குள்ள அழுதே, பால் பத்தலையோ" என்று பயந்து பவுடர் பாலுக்குப் போகிறவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். எடை சரியாக ஏறி, சிறுநீரும் நன்றாகப் போனால் பால் போதுகிறது.

அதற்காக நாள் முழுக்க அம்மாவே தூக்க வேண்டுமா? இந்த இடத்தில் எனக்கு மிகவும் பிடித்த ஆய்வு ஒன்று உண்டு. நம் கோயில்களிலும் மலைப்பாதைகளிலும் திரிகிற, தலையில் தொப்பி போல் முடி படிந்த நாட்டுக் குரங்கு தெரியும் அல்லவா? 1960-களில் நியூயார்க்கில் லியனார்ட் ரோசன்பிளமும் சார்லஸ் காஃப்மனும் அதையும் தென்கிழக்கு ஆசியாவின் பன்றிவால் குரங்கையும் ஒப்பிட்டார்கள். கூட்டத்திலிருந்து தாயை மட்டும் எடுத்துவிட்டால், பன்றிவால் குட்டி முதலில் கத்தி அலைந்தது, அப்புறம் சுருண்டு உட்கார்ந்துவிட்டது. நாட்டுக் குரங்குக் குட்டியை மற்றப் பெண் குரங்குகள் தூக்கி அணைத்துக்கொண்டன. அது அந்த அளவுக்கு வாடவில்லை. அந்த இனத்தில் பெண்கள் நெருங்கி உட்கார்ந்து வாழ்பவை, குட்டியைத் தொடப் பிறரை விடுபவை.

மனிதக் குழந்தையும் பல கைகளில் வளர்ந்ததுதான். ஆகவே தாயைக் கடிந்துகொள்வதை விட்டு, அந்தப் பேச்சைப் பேசுபவரே கொஞ்ச நேரம் தூக்கி வைத்துக்கொள்ளலாம். அப்பாக்களுக்கும் இது பொருந்தும். எடை குறைந்து பிறந்த குழந்தையைத் தோலோடு தோலாக மார்பில் வைக்கும் கங்காரு பராமரிப்பை அப்பாவும் பாட்டியும் செய்யலாம். உலக சுகாதார நிறுவனம் இந்தியா உட்பட 5 நாடுகளில் நடத்தி 2021-இல் வெளியான ஆய்வில், குழந்தையின் உடல்நிலை சீராகும்வரை காத்திராமல் பிறந்த உடனேயே இதைத் தொடங்கியபோது, முதல் 28 நாட்களில் இறப்பு 25 சதவீதம் குறைந்தது.

மாண்ட்ரியலில் 1986-இல் வெளியான ஆய்வில், அழுகைக்குக் காத்திராமல் கூடுதலாகத் தூக்கி வைத்திருந்த குழந்தைகள் 6 வார வயதில் 43 சதவீதம் குறைவாகவே அழுதன. தூக்கினால் அழுகை கூடும் என்ற பயத்துக்கு அதில் ஆதாரம் இல்லை.

எல்லா அழுகையும் தூக்கினால் அடங்காது. கை ஓய்ந்து எரிச்சல் வந்தால் குழந்தையைத் தொட்டிலில் மல்லாத்திப் படுக்க வைத்துவிட்டு 5 நிமிடம் விலகி நில்லுங்கள். எக்காரணம் கொண்டும் பிடித்துக் குலுக்காதீர்கள், மூளையில் ரத்தம் கசியும். 3 மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்குக் காய்ச்சல், பால் குடிக்க மறுப்பது, பச்சை வாந்தி, துவண்டு கிடப்பது, இவற்றில் எது இருந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்காமல் அப்போதே மருத்துவமனைக்குக் கொண்டுவாருங்கள்.