ரொறன்ரோவிலிருந்து வந்த ரெக்கோட் பிளேயர் ஏன் இழுத்துப் பாடுகிறது?

யாழ்ப்பாணத்து வீடுகளில் இன்று தூசி தட்டி எடுக்கப்படும் பழைய ரெக்கோட் பிளேயர்கள் இரண்டு வழியாக வந்தவை. அறுபதுகளிலும் எழுபதுகளிலும் கொழும்பில் வாங்கி யாழ்தேவியில் ஏற்றிவந்த ரேடியோகிராம்கள், அதாவது ரேடியோவும் ரெக்கோட் பிளேயரும் ஒரே பெட்டிக்குள் இருப்பவை, ஒரு வகை. அவற்றின் மூடியைத் திறந்தால், பலவற்றில் கராட், பி.எஸ்.ஆர். போன்ற ஆங்கிலேயக் கம்பனிகளின் தயாரிப்பு உட்கார்ந்திருக்கும். மற்றவை, வெளிநாட்டுச் சித்தப்பாக்களும் மாமாக்களும் கப்பல் பெட்டியில் அனுப்பிவைத்தவை. இந்த இரண்டாம் வகையில் இலண்டனிலிருந்து வந்தது வீட்டுக்கு வந்த அன்றே ஒழுங்காகப் பாடிவிடும். ரொறன்ரோவிலிருந்து வந்தது பாடாது.

பாடாது என்றால், ஒலி வரும், ஆனால் இழுக்கும். 230 வோல்ட்டை 120 ஆகக் குறைக்கும் டிரான்ஸ்போமர் ஒன்றை வாங்கிப் பூட்டி, இசைத்தட்டை வைத்து ஊசியை இறக்கினால், ஐந்து கட்டையில் பாடிய வித்துவான் மூன்று கட்டையில் பாடுகிறார். இருபது நிமிடத்தில் முடியவேண்டிய பக்கம் இருபத்து நான்கு நிமிடம் ஓடுகிறது. பெல்ட் தளர்ந்துவிட்டது என்று யாராவது சொல்வார்கள். புதிய பெல்ட் வரும். அதிலும் அதே மூன்று கட்டைதான்.

குற்றம் பெல்ட்டில் இல்லை. இலங்கையிலும் இலண்டனிலும் மின்சாரம் செக்கனுக்கு 50 முறை முன்னும் பின்னுமாக அலைகிறது; இந்த எண்ணிக்கைதான் மீடிறன், அதன் அலகு ஹெர்ட்ஸ். வட அமெரிக்காவில் 60 முறை. டிரான்ஸ்போமர் வோல்ட் அளவை மாற்றுமே தவிர இந்த மீடிறனைத் தொடாது. பழைய பெல்ட் வகைப் பிளேயர்கள் பலவற்றில் இருப்பது மின்னோட்டத்தின் மீடிறனோடு ஒத்தியங்கும் மோட்டர். காந்த முனைவுகள் பதினாறு கொண்ட மோட்டர் என்றால், 60 ஹெர்ட்ஸில் நிமிடத்துக்குச் சரியாக 450 சுற்று. 50 ஹெர்ட்ஸில் 375. வோல்ட் கூடினாலும் குறைந்தாலும், சுழலும் வரைக்கும் அது இந்த எண்ணிக்கையை விட்டு விலகாது. அங்கே நிமிடத்துக்கு 33⅓ சுற்றுக்காக அளந்து வைத்த, பெல்ட்டை இழுக்கும் கப்பி, இங்கே தட்டை 27.8 சுற்றில்தான் சுழற்றும். ஆறில் ஐந்து. சுருதிக் கணக்கில் அது மூன்று அரைச்சுரத்துக்குச் சற்று அதிகமான இறக்கம்.

ஆகவே இப்படிப்பட்ட பிளேயருக்கு முதலில் மாற்றவேண்டிய உதிரிப்பாகம் ஊசியும் இல்லை, ஊசியைத் தாங்கும் கையும் இல்லை: மோட்டர் அச்சில் இருக்கும் அந்தச் சின்னக் கப்பி. புகழ்பெற்ற பழைய மாதிரிகளுக்கு 50 ஹெர்ட்ஸ் கப்பிகளை இன்றும் புதிதாகக் கடைந்து விற்கிறார்கள். யப்பானியத் தயாரிப்பு என்றால் மாற்றுக் கப்பி கிடைக்கும் வாய்ப்பு இன்னும் நல்லது. அந்த நாட்டின் கிழக்குப் பாதியே 50 ஹெர்ட்ஸிலும் மேற்குப் பாதி 60 ஹெர்ட்ஸிலும் இயங்குவதால், இரண்டுக்கும் வழி வைக்கவேண்டிய தேவை அவர்களுக்கு வீட்டுக்குள்ளேயே இருந்தது.

கிடைக்காவிட்டால் லேத் பட்டறைக்குப் போகலாம். ஆனால் கணக்கில் ஒரு பொறி உண்டு. 60ஐ 50ஆல் வகுத்தால் 1.2, பத்து மில்லிமீற்றர் கப்பிக்குப் பதில் பன்னிரண்டு மில்லிமீற்றர் போதும் என்று தோன்றும். போதாது. பெல்ட்டை இழுக்கும் உண்மையான விட்டம் கப்பியின் விட்டத்தோடு பெல்ட்டின் தடிப்பும் சேர்ந்தது. பெல்ட் 0.6 மில்லிமீற்றர் தடிப்பு என்றால் 10.6ஐத்தான் 1.2ஆல் பெருக்கவேண்டும், விடை 12.72. அதிலிருந்து பெல்ட்டைக் கழித்தால் கப்பி 12.12 மில்லிமீற்றர். வெறும் பன்னிரண்டில் கடைந்தால் வேகம் நூற்றுக்கு ஒன்று அளவு குறையும். தம்புராவோடு சேர்த்துக் கேட்கப் பழகிய காது அதைக் கண்டுபிடித்துவிடும்.

விட்டத்தைவிட மையம் முக்கியம். கப்பியின் துளை மையத்திலிருந்து ஒரு மில்லிமீற்றரின் நூறில் ஒரு பங்கு விலகினாலும், ஐந்து மில்லிமீற்றர் ஆரையில் அது ±0.2 வீத வேக மாற்றம். கப்பி ஒவ்வொரு முறை சுற்றும்போதும் சுருதி ஏறி இறங்கும். கமகம் இல்லாத இடத்தில் கமகம் கேட்கும். அனுபவமுள்ள கைவினைஞர் ஒரே பிடியில் துளையையும் வெளிவிளிம்பையும் கடைந்தெடுப்பார். கழற்றி மறுபடி பூட்டினால் மையம் போய்விடும்.

கப்பியைத் தொடாமல் விடும் வழியும் இருக்கிறது: மோட்டருக்கு வேண்டிய 60 ஹெர்ட்ஸையே உண்டாக்கிக் கொடுப்பது. குவார்ட்ஸ் படிகத்தின் அதிர்விலிருந்து மீடிறனைப் பெற்று, ஒரு சிறிய அம்பிளிபயரால் பெருக்கி, மோட்டருக்கு ஊட்டும் மின்வழங்கிகள் தனியே விற்கப்படுகின்றன. விலை கூடியது. என் கணிப்பில், நம் ஊரில் கப்பியை மாற்றுவதைவிட இதற்குக் காசு கொடுப்பதே தகும். ஏனென்றால் இதற்கும் சுவரிலிருந்து வரும் மின்சாரத்தின் மீடிறனுக்கும் தொடர்பு அறுந்துவிடுகிறது. மின்வெட்டில் சிறிய ஜெனரேட்டரைப் போட்டால், சுமை ஏற இறங்க அதன் இயந்திர வேகமும் மீடிறனும் ஆடும். நேரே பூட்டிய பிளேயரும் கூடவே ஆடும். குவார்ட்ஸ் மின்வழங்கி ஆடாது.

1990இல் மின்சாரம் நின்றபின் சைக்கிள் டைனமோவை மிதித்துப் பாட்டுக் கேட்ட தலைமுறைக்கு இது விசித்திரமாக இருக்கலாம். மிதி கூடினாலும் குறைந்தாலும் கசெற் ஓரளவு ஒரே சுருதியில் பாடியதே? கசெற் பிளேயரின் மோட்டர் நேர்மின்னோட்டத்தில் ஓடுவது, வேகத்தைத் தானே கட்டுப்படுத்தும் அமைப்பு அதற்குள் இருந்தது. வோல்ட் அடியோடு விழும்வரை அது சமாளித்தது. ஒத்தியங்கும் மோட்டருக்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது.

வேகம் சரியா என்று பார்க்க, தட்டின் மேல் வைக்கும் கோடுகளிட்ட வட்டத்தாள் போதும். 50 ஹெர்ட்ஸ் விளக்கு செக்கனுக்கு 100 முறை மின்னுவதால், 33⅓ சுற்றுக்கு 180 கோடுகள் இருந்தால் அவை அசையாமல் நிற்பதுபோலத் தெரியும். இணையத்தில் எடுத்து அச்சிடும் அமெரிக்கத் தாளில் 216 கோடுகள் இருக்கும். அதை வைத்து நம் விளக்கில் சரிபார்த்தால் தவறான வேகத்துக்குத்தான் திருப்புவீர்கள். பல எல்.ஈ.டி. விளக்குகள் அப்படி மின்னுவதேயில்லை என்பதால், பழைய நியோன் குமிழோ ரியூப் லைட்டோ தேடவேண்டிவரும்.

ரேடியோகிராமிலிருந்து வந்த கராட்டின் கதை வேறு. அதில் பெல்ட் இல்லை. மோட்டர் அச்சுக்கும், இசைத்தட்டைச் சுமக்கும் சுழல்தட்டின் உள்விளிம்புக்கும் இடையில் ரப்பர் விளிம்புள்ள ஐட்லர் சக்கரம் ஒன்று அழுத்திக்கொண்டு சுழலும். இழுவிசை மிகுதி, தட்டு உடனே வேகம் பிடிக்கும். ஆனால் நான்கு முனைவு மோட்டர் செக்கனுக்கு ஏறத்தாழ 24, 25 முறை சுழல்கிறது. அந்த அதிர்வு ரப்பர் வழியாகத் தட்டுக்கும் ஊசிக்கும் ஏறி, பாட்டுக்கு அடியில் உறுமலாகக் கேட்கும். நம் வெயிலில் பல ஆண்டு கிடந்த ரப்பர் இறுகிப்போயிருந்தால் உறுமல் இரட்டிப்பாகும். அழுத்திய நிலையிலேயே விட்டிருந்தால் ஒரு பக்கம் தட்டையாகி, சுற்றுக்கு ஒருமுறை தட்டும். புது ரப்பர் போட்ட சக்கரமும், கழுவித் துடைத்துப் புது எண்ணெய் விட்ட அச்சுக் குழியும் தரும் மாற்றத்தை வேறெந்த அலங்காரமும் தராது.

அலங்காரம் என்றால் பலருக்கும் முதலில் நினைவுக்கு வருவது மரப்பெட்டி. ஓடாவியாரைப் பிடித்து முதிரையில் கனமான அடிப்பீடம் செய்விப்பது இங்கே எளிது, பார்க்கவும் அழகு. 1954இல் வந்த கராட் 301 போன்ற ஐட்லர் பிளேயருக்கு அது உண்மையிலேயே உதவும். மோட்டரின் நடுக்கத்தை அசைக்கக் கடினமான திணிவு அடக்குகிறது. தோரன்ஸ் டி.டி. 160 போல உள்ளே சுருள்வில்லில் தொங்கும் பிளேயருக்கு அவ்வளவு பயனில்லை. அங்கே நடுக்கத்தைத் தடுப்பது வில்கள்தான்; ஆனால் பலகைத் தரையில் நடந்தால் அந்த வில்களே ஆடி ஊசியைத் துள்ளவைக்கும். யாழ்ப்பாணத்துச் சிமெந்துத் தரையில் அந்தத் தொல்லை ஏற்கெனவே குறைவு.

இனிக் கையும், அதன் நுனியில் ஊசியைப் பிடித்திருக்கும் காட்ரிட்ஜும். இவை இரண்டையும் தனித்தனியாக வாங்குகிறவர்தான் அதிகம் ஏமாறுகிறார். காட்ரிட்ஜில் ஊசியைத் தாங்கும் தண்டு மெல்லிய வில்லைப்போல நெகிழும். அந்த வில்லில் கையின் திணிவு தொங்குகிறது. இப்படியொரு சோடி தனக்கென்று ஒரு மீடிறனில் பரிவுறும், அதாவது அந்த மீடிறனில் சிறு அசைவுக்கும் பெரிதாக ஆடும். நெளிந்த இசைத்தட்டின் மேடுபள்ளங்கள் பெரும்பாலும் 5 ஹெர்ட்ஸுக்குக் கீழே. இசை 20க்கு மேலே. பரிவு இரண்டுக்கும் நடுவில், 8 முதல் 12 ஹெர்ட்ஸுக்குள் விழவேண்டும். கையும் காட்ரிட்ஜும் சேர்ந்த திணிவைக் கிராமிலும், நெகிழ்வை அதன் வழக்கமான அலகிலும் எடுத்துப் பெருக்கி, அதன் வர்க்கமூலத்தால் 159ஐ வகுத்தால் விடை வரும். நெகிழ்வு 20, எடை 6 கிராம் உள்ள காட்ரிட்ஜைப் பழைய 24 கிராம் கையில் பூட்டினால் பரிவு 6.5 ஹெர்ட்ஸ்: வெயிலில் வளைந்த தட்டில் கை துள்ளும். அதையே 11 கிராம் கையில் பூட்டினால் 8.6. றீகா கம்பனியின் கைகளைப் பழைய பிளேயர்களில் பலர் பொருத்துவதற்கு இந்த அளவான திணிவும் ஒரு காரணம்.

கையை மாற்ற மனமில்லாவிட்டால் ஊசியை மட்டும் மாற்றலாம். செலவுக்கேற்ற பலன் அங்கேதான் அதிகம். தட்டின் வெளிவிளிம்பில் தடம் செக்கனுக்கு அரை மீற்றர் வேகத்தில் ஊசியைக் கடக்கிறது. உள்ளே போகப் போக அது 21 சென்டிமீற்றராகக் குறைகிறது. அங்கே 10,000 ஹெர்ட்ஸ் ஒலியின் ஓர் அலைக்கு மிஞ்சும் நீளம் 21 மைக்ரோமீற்றர்தான். 18 மைக்ரோமீற்றர் ஆரையுள்ள உருண்டை நுனி அந்த அலைக்குள் இறங்க முடியாது. பக்கவாட்டில் 8 மைக்ரோமீற்றர் ஆரையுள்ள நீள்வட்ட நுனி இறங்கும். கச்சேரித் தட்டின் கடைசியில் வரும் தனி ஆவர்த்தனம் சலசலவென்று கேட்பதற்கு மிருதங்கக்காரரைக் குறை சொல்லவேண்டாம். ஆனால் 78 சுற்றுத் தட்டில் இந்த ஊசிகள் எதையும் வைக்கக்கூடாது. அதன் தடம் பல மடங்கு அகலம், அதற்கு ஊசி வேறு.

ரேடியோகிராமின் பழைய பீங்கான் காட்ரிட்ஜை எடுத்துவிட்டுக் காந்தக் காட்ரிட்ஜ் போட விரும்புகிறவர்களுக்கு மட்டும் ஓர் எச்சரிக்கை. முந்தையது நூற்றுக்கணக்கான மில்லிவோல்ட் தரும், பிந்தையது நான்கைந்து. தட்டில் வெட்டும்போது தாழ்சுரங்களைக் குறைத்து உச்சசுரங்களைக் கூட்டுவதால், அதைத் தலைகீழாக்கித் திருப்பும் முன்பெருக்கி ஒன்றும் தேவை; அந்த வளைகோடு 1954இல் அமெரிக்காவில் தரப்படுத்தப்பட்டது. மேலும், பழைய மோட்டரிலிருந்து கசியும் காந்தப்புலம் பீங்கானுக்குத் தெரியாது. காந்தச் சுருளுக்குத் தெரியும். புதிதாக ஓர் இரைச்சல் முளைத்து, கை தட்டின் நடுவை நெருங்க நெருங்கக் கூடினால், எர்த் கம்பியை மட்டும் தேடி மினக்கெடாமல் மோட்டரைச் சந்தேகியுங்கள்.

இத்தனையும் செய்தபின்னும் சில தட்டுகளில் வயலின் ஊஞ்சலாடும். அதற்கு எந்தக் கப்பியும் பொறுப்பல்ல. தட்டின் நடுத்துளையே மையத்தில் இல்லை. அரை மில்லிமீற்றர் விலகல், 60 மில்லிமீற்றர் ஆரையில் ±0.8 வீதம்: மேலே லேத்தில் நாம் அஞ்சிய பிழையைவிட நான்கு மடங்கு. எண்பதுகளின் தொடக்கத்தில் நாகமிச்சி கம்பனி தட்டின் மையத்தைத் தானே தேடி நகர்த்தும் பிளேயர் ஒன்றையே செய்தது. அதன் விலைக்கு அதை வாங்கியவர்கள் சொற்பம். துளையைச் சற்று அகட்டி, கை பக்கவாட்டில் ஆடாத இடம்வரை தட்டை விரலால் நகர்த்தி வைப்பவர்களும் இருக்கிறார்கள். இரண்டாம் பிரதி கிடைக்கும் தட்டானால் செய்து பார்க்கலாம்.