நைட்ரேட்டாக்க மட்டுப்படுத்தி: சொல் விளக்கம்

மண்ணில் அம்மோனியம் நைட்ரேட்டாக மாறுவதை மெதுவாக்குவதற்காக யூரியா, அம்மோனியம் சல்பேட் போன்ற உரங்களோடு சிறிதளவு கலந்து வரும் ஒரு வகைச் சேர்மானத்துக்கு ‘நைட்ரிஃபிகேஷன் இன்ஹிபிட்டர்’ என்று பெயர். டிசிடி, டிஎம்பிபி, நைட்ராபைரின் ஆகியவை இவ்வகையைச் சேர்ந்தவை. வேப்பெண்ணெய் பூசிய யூரியாவில் வேம்பிடம் எதிர்பார்க்கப்படும் வேலையும் இதுவே. தமிழில் இதை ‘நைட்ரேட்டாதல் தடுப்பான்’ என்று எழுதுவதுண்டு. பொருள் ஓரளவு விளங்கிவிடும். ஆனால் அந்தப் பெயருக்குள் மண்ணில் உழைக்கும் நுண்ணுயிர்களைக் காணோம்.

முதல் பாதியைப் பார்ப்போம். ‘நைட்ரன்’ என்ற கிரேக்கச் சொல்வழி வந்தது ‘நைட்டர்’, அதாவது நம் வெடியுப்பு. வெடியுப்பைப் பிறப்பிப்பது என்ற பொருளில்தான் 1790-இல் ஷாப்தால் என்ற பிரெஞ்சு வேதியியலாளர் ‘நைட்ரஜன்’ என்ற பெயரைச் சூட்டினார். உழவர் பேச்சில் அது தழைச்சத்து. ‘ஃபிகேஷன்’ என்ற ஈறு, ‘செய்’ என்று பொருள்படும் லத்தீன் வினையிலிருந்து வந்தது. ஆகவே நைட்ரிஃபிகேஷன் என்றால் வெடியுப்பு ஆக்குதல்.

பாடநூல் சொல்லான ‘நைட்ரேட்டாதல்’ இங்கேதான் இடறுகிறது. பால் தயிராதல் என்றால் தானே நடப்பதுபோல் ஒலிக்கிறது. ஆதல் தன்வினை, ஆக்கல் பிறவினை. மண்ணில் அம்மோனியம் தானாக நைட்ரேட் ஆவதில்லை, அதை ஆக்குபவை நுண்ணுயிர்கள்.

இதை 1877-இல் ஷ்லோசிங், முன்ட்ஸ் என்ற இரு பிரெஞ்சு வேதியியலாளர்கள் அழகாகக் காட்டினார்கள். மணலும் சுண்ணாம்புக்கல்லும் நிரப்பிய குழாய் வழியே கழிவுநீரை மெல்லச் சொட்டவிட்டார்கள். ஏறத்தாழ இருபது நாள் எதுவும் நடக்கவில்லை. பிறகு நைட்ரேட் வரத் தொடங்கியது. வெறும் வேதிவினை என்றால் முதல் நாளே வந்திருக்க வேண்டாமா? குளோரோஃபார்ம் ஆவியைச் செலுத்தினார்கள், நைட்ரேட் நின்றது. ஆவியை நிறுத்திய பிறகும் திரும்பவில்லை. கொஞ்சம் மண் கரைத்த நீரை ஊற்றியதும் மீண்டும் வந்தது. உயிர் இருந்தால்தான் இந்த வேலை நடக்கும் என்பது அன்று தெளிவாயிற்று. எனவே ‘நைட்ரேட்டாக்கம்’ என்பதே சரி.

இனி ‘இன்ஹிபிட்டர்’. இதன் லத்தீன் வேருக்குப் பிடித்து நிறுத்துதல் என்று பொருள், கடிவாளத்தை இழுத்துப் பிடிப்பதுபோல. இலங்கைத் தமிழில் ‘நிரோதி’ என்பார்கள். ‘தடுப்பான்’ தவறில்லை, ஆனால் முழுதாக நிறுத்திவிடும் என்ற எண்ணத்தைத் தருகிறது. ‘கொல்லி’ என்பது கூடவே கூடாது. அந்தக் குளோரோஃபார்ம் கொன்றது, அதனால்தான் புதிதாக மண்ணீர் தேவைப்பட்டது. டிசிடி, டிஎம்பிபி ஆகியவை பெரும்பாலும் அப்படிச் செய்வதில்லை. அம்மோனியாவை ஆக்சிஜனேற்றும் முதல் நொதியின் வேலையைத்தான் அவை முடக்குகின்றன. சில வாரங்களில் மருந்து சிதைந்ததும் நுண்ணுயிர்கள் பழைய வேலைக்குத் திரும்புகின்றன. சூடான மண்ணில் இன்னும் சீக்கிரமே சிதைந்துவிடும். ஆகவே ‘மட்டுப்படுத்தி’ என்ற சொல்லையே நான் பரிந்துரைப்பேன்.

மட்டுப்படுத்துவதால் என்ன பயன்? அம்மோனியம் நேர்மின்னேற்றம் உடையது, களிமண் அதைப் பிடித்துக்கொள்ளும். நைட்ரேட் எதிர்மின்னேற்றம் உடையது, நீரோடு நழுவிவிடும். அதோடு, நைட்ரேட்டாக்கத்தின்போதே சிறிதளவு நைட்ரஸ் ஆக்சைடு கசிகிறது. நீர் தேங்கி ஆக்சிஜன் குறைந்த மண்ணில் வேறு நுண்ணுயிர்கள் நைட்ரேட்டைக்கொண்டு சுவாசித்து அதே வாயுவை இன்னும் அதிகமாக வெளியிடுகின்றன. நூறாண்டுக் கணக்கில் அது கார்பன் டை ஆக்சைடைப்போல் 273 மடங்கு வெப்பமூட்டுவது, ஓசோன் படலத்தையும் அரிப்பது. மட்டுப்படுத்திகள் இந்த வெளியேற்றத்தைச் சராசரியாக 38 விழுக்காடு குறைத்ததாக 2010-இல் வந்த ஒரு தொகுப்பாய்வு கணக்கிட்டது. மண்ணுக்கு மண் இந்த அளவு மாறும். உரம் மிகுந்த மண்ணில் பெருகும் பாக்டீரியாக்களை டிஎம்பிபி நன்றாக அடக்குகிறது. அமில மண்ணில் அதே வேலையைச் செய்யும் ஆர்க்கியா என்ற தொல்லுயிரிகளை அது அவ்வளவாகத் தொடுவதில்லை.

இழப்புப் பக்கமும் உண்டு. காரமண்ணில் அம்மோனியம் நெடுநாள் தங்கினால் அம்மோனியா வாயுவாகப் பறக்கும். அதில் ஒரு பகுதி வேறிடத்தில் படிந்து நைட்ரஸ் ஆக்சைடாகவும் மாறலாம். நியூசிலாந்தில் மேய்ச்சல் நிலத்தில் தெளித்த டிசிடியின் எச்சம் பாலில் தென்பட்டதால் 2013-இல் அதன் விற்பனையை நிறுத்திவைத்தார்கள்.

‘யூரியேஸ் தடுப்பான்’ என்று உரப்பையில் கண்டால் அது வேறு பொருள். யூரியேஸ் என்ற நொதி யூரியாவை அம்மோனியமாக உடைக்கும் முந்தைய படியில் அது குறுக்கிடுகிறது. என்பிபிடி அந்த வகை. இரண்டையும் ஒரே பெயரால் அழைத்தால், எந்தப் படியைப் பிடித்து நிறுத்துகிறோம் என்பதே தெரியாமல் போகும்.