கிறிஸ்துமஸ் கைவேலையில் கடைக்குட்டியையும் கணக்கில் கொள்வோம்

டிசம்பர் பிறந்துவிட்டால் எலத்தகிரி, கந்திகுப்பம், கோவிலூர் போன்ற ஊர்களில் மட்டுமல்லாமல், கிருஷ்ணகிரி, தருமபுரி நகரங்களின் மழலையர் பள்ளிகளிலும் நட்சத்திரமும் குடிலும் செய்யும் வேலை தொடங்கிவிடுகிறது. நான் குழந்தைகளுக்கு ஆக்குபேஷனல் தெரபி, அதாவது அன்றாட வேலைகளைத் தாமே செய்யப் பழக்கும் சிகிச்சை, அளித்து வருகிறேன். கைவிரல்களுக்கும் புலன்களுக்கும் பயிற்சி தரும் விளையாட்டுப் பொருள்களை எங்கே வாங்கலாம் என்று இந்த மாதத்தில் பெற்றோர் அடிக்கடி கேட்கிறார்கள். பெரும்பாலும் எதையும் வாங்க வேண்டியதில்லை. நம் வீடுகளிலேயே அவை இருக்கின்றன. ஆனால் எதை எடுத்துக் கொடுப்பது என்பதைக் கைவேலை செய்யும் பிள்ளையின் வயதைக் கொண்டு அல்ல, அதே வீட்டில் தவழ்ந்து திரியும் கடைக்குட்டியின் வயதைக் கொண்டே முடிவு செய்ய வேண்டும்.

குடிலில் புல்வெளியாக வைப்பதற்குக் கேழ்வரகை முளைக்கவிடும் பழைய வழக்கத்தை எடுத்துக்கொள்வோம். புலன் விளையாட்டு என்ற பெயரில் விற்கப்படும் எந்தப் பெட்டியையும்விட இதையே நான் முதலில் சொல்வேன். டிசம்பர் 14ஆம் தேதிவாக்கில், இரவு ஊறவைத்த கேழ்வரகைக் கொட்டாங்குச்சியில் நிரப்பிய செம்மண்ணின் மேல் பிள்ளையைத் தூவச் சொல்லுங்கள். கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மூன்றையும் குவித்துச் சிட்டிகை சிட்டிகையாக எடுத்துத் தூவும்போது, பின்னாளில் பென்சிலைப் பிடிக்கப்போகும் அதே விரல்கள் வேலை செய்கின்றன. தினமும் காலையில் ஈரத்துணியைப் பிழிந்து தண்ணீர் விடுவது உள்ளங்கைக்கு வலுவைத் தரும். கேழ்வரகு மணி மிகச் சிறியது. ஒன்றிரண்டு வாய்க்குள் போனாலும் மூச்சுக்குழாயை அடைக்கும் பருமன் அதற்கில்லை. இருந்தாலும் பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும்; முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவிவிட வேண்டும். குளிரில் மண்ணையும் தண்ணீரையும் தொட்டால் சளி பிடிக்கும் என்று பாட்டிமார் தடுப்பதுண்டு. சளி கிருமியால் வருவது. ஆனாலும் ஓசூர், தளி பக்கத்துப் பனியில் விடியற்காலையில் பிள்ளையை நனையவிட வேண்டிய அவசியமில்லை, வெயில் ஏறிய பிறகு செய்யலாம்.

மூங்கில் குச்சி நட்சத்திரத்திற்குக் குச்சியைப் பெரியவர்கள் சீவிக் கொடுத்துவிட வேண்டும். ஒரு கை குச்சியைப் பிடித்திருக்க, மறு கை நூலைச் சுற்றுவது ஐந்து வயதுப் பிள்ளைக்கு உண்மையிலேயே கடினமான வேலை. முடிச்சு கோணலாக விழுந்தால் விழட்டும். காகிதம் ஒட்ட, ஒரு டம்ளர் தண்ணீரில் இரண்டு கரண்டி மைதாவைக் கட்டியில்லாமல் கரைத்துக் காய்ச்சிய பசையே போதும். பச்சை மாவில் ஈ.கோலை, சால்மொனெல்லா போன்ற கிருமிகள் இருக்கக்கூடும் என்பதால் நன்றாகக் கொதிக்கவிட வேண்டும். போஸ்டர் ஒட்டுபவர்கள் பூச்சி அரிக்காமல் இருக்க மயில்துத்தம் கலப்பார்கள்; அது நஞ்சு, பிள்ளைகள் தொடும் பசையில் சேர்க்கவே கூடாது.

“மேடம், பசை விரல்ல பட்டாலே சட்டையில தொடச்சிக்கிட்டுக் கத்தறான்” என்று தாய்மார் சொல்லும் குழந்தைகள் உண்டு. அது பிடிவாதம் அல்ல. தொடு உணர்வு சிலருக்கு மிகக் கூர்மையாக இருக்கிறது. அத்தகைய பிள்ளையின் கையைப் பிடித்துப் பசையில் அழுத்தக் கூடாது. முதலில் பிரஷ், சில நாள் கழித்து ஒரே ஒரு விரல் நுனி, பக்கத்தில் எப்போதும் ஈரத்துணி என்று படிப்படியாகப் பழக்க வேண்டும்.

இனி, வீட்டுக்குள் வரவே கூடாதவை. செடி வளர்க்கவும் அலங்காரத்துக்கும் என்று விற்கப்படும் வண்ண ஜெல்லி உருண்டைகள் தண்ணீரைக் குடித்துப் பல மடங்கு பருக்கும். விழுங்கினால் குடலுக்குள்ளும் அப்படியே பருத்து அதை அடைத்துக்கொள்ளும், எக்ஸ்ரேயிலும் பெரும்பாலும் தெரியாது. இந்தியாவில் 14 வயதுக்குட்பட்டோருக்கான பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை 2021 ஜனவரி 1 முதல் கட்டாயம். அலங்காரப் பொருளாக விற்கப்படும் உருண்டையில் அந்த முத்திரையைத் தேடிப் பயனில்லை. பனி என்று தூவும் தெர்மாகோல் மணிகளுக்குப் பதில் பஞ்சை வைக்கலாம். நம் ஊரில் தாராளமாகக் கிடைக்கும் புளியங்கொட்டையும் நிலக்கடலையும் ஆறேழு வயதுப் பிள்ளைக்கு நல்ல கைவேலைப் பொருள்கள்தான். தம்பி தங்கை தவழும் வீட்டில் அவை வேண்டாம். மூக்கினுள் போன விதை ஈரத்தில் ஊறிப் பருத்து, எடுக்க எடுக்க உள்ளே போகும். பிள்ளையார் சிலைக்குக் கண் வைக்கும் குன்றிமணியைக் குடில் பொம்மைக்கும் வைக்கிறார்கள். அதன் கெட்டியான தோல் உடையாதவரை பெரும்பாலும் தீங்கில்லாமல் வெளியேறிவிடும். ஆனால் ஊசியால் துளையிட்டதையோ, கடித்து உடைத்ததையோ விழுங்கினால் அதிலுள்ள ஆப்ரின் என்ற நஞ்சு உயிரையே எடுக்கக்கூடியது. எந்த வயதுப் பிள்ளைக்கும் குன்றிமணி தேவையில்லை.

எல்லாவற்றையும்விட நான் அஞ்சுவது மின்னும் மெழுகுவர்த்தியிலும் பாடும் வாழ்த்து அட்டையிலும் உள்ள பட்டன் பேட்டரியைத்தான். சி.ஆர். 2032 என்ற வகை 20 மி.மீ. விட்டமும் 3 வோல்ட் மின்னழுத்தமும் உடையது. உணவுக்குழாயில் சிக்கினால் இரண்டு மணி நேரத்திலேயே அது கடுமையான புண்ணை உண்டாக்கிவிடும். எச்சில் வடிதல், இருமல், சாப்பிட மறுத்தல் ஆகிய அறிகுறிகளைப் பனிக்காலச் சளி என்று எண்ணி ஒரு நாளைக் கடத்திவிடுவதே பெரிய ஆபத்து. பேட்டரி மூடியை ஸ்குரூ போட்டு இறுக்காத எந்த அலங்காரப் பொருளையும் வாங்காதீர்கள். விழுங்கிவிட்டதாகச் சந்தேகம் எழுந்தாலே 108ஐ அழைத்து, எக்ஸ்ரே வசதியுள்ள மருத்துவமனைக்கு உடனே செல்ல வேண்டும். வாந்தி எடுக்க வைக்கக் கூடாது, உணவு கொடுக்கக் கூடாது. விழுங்கி 12 மணி நேரத்துக்குள் என்றால், ஒரு வயதைக் கடந்த, விழுங்கச் சிரமப்படாத குழந்தைக்குப் போகும் வழியில் பத்து நிமிடத்துக்கு ஒரு முறை இரண்டு டீஸ்பூன் தேன் மட்டும், அதிகபட்சம் ஆறு முறை கொடுக்கலாம். ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்குத் தேன் கூடாது. வீட்டில் தேன் இல்லையென்றால் அதைத் தேடிக் கடைக்கு ஓடி நேரத்தை வீணாக்க வேண்டாம். பேட்டரி கழன்ற பொருளையோ, அதே வகைப் பேட்டரி ஒன்றையோ உடன் எடுத்துச் செல்லுங்கள். அதன் மேல் உள்ள எண்ணைக் கொண்டு அளவை மருத்துவர் அறிந்துகொள்வார்.