நீட் பி.ஜி. தேதியை முடிவு செய்வது யார்? தேசியத் தேர்வு வாரியத்தின் ஆளுகைக் குழு இயங்கும் விதம்

தேசியத் தேர்வு வாரியம் வழங்கும் முதுநிலை மருத்துவத் தகுதியான டி.என்.பி. பயிலும் மருத்துவர்களுக்கு வழிகாட்டி ஆசிரியராக இருப்பதால், முதுநிலை மருத்துவத் தேர்வுகளைப் பற்றிய கேள்விகள் ஆண்டு முழுவதும் என்னிடம் வந்துகொண்டே இருக்கும். கட் ஆஃப் ஏன் குறைந்தது, கலந்தாய்வு ஏன் தள்ளிப்போகிறது, டி.என்.பி. முடித்தவர் மருத்துவக் கல்லூரியில் ஆசிரியராகச் சேர முடியுமா என்று எதைக் கேட்டாலும், அந்தக் கேள்வியில் இருக்கும் கோபம் மட்டும் 'நேஷனல் போர்டு', அதாவது இந்த வாரியம் என்ற ஒரே இடத்தை நோக்கியே இருக்கிறது. உண்மையில் இந்த மூன்றும் மூன்று வெவ்வேறு அமைப்புகளின் பொறுப்பில் இருப்பவை. எந்த முடிவு எங்கே எடுக்கப்படுகிறது என்று தெரியாமல் அனுப்பும் மனுவுக்குப் பதில் கிடைப்பது அரிது என்பதால் இதை எழுதுகிறேன்.

தேசிய மருத்துவ அறிவியல் தேர்வு வாரியம் என்ற முழுப் பெயர் கொண்ட இந்த வாரியம் 1975-இல் தேசிய மருத்துவ அறிவியல் அகாதெமியின் ஒரு பிரிவாகத் தொடங்கப்பட்டு, 1982-இல் மத்திய சுகாதார அமைச்சகத்தின்கீழ்த் தன்னாட்சி அமைப்பாகத் தனியே பிரிந்தது. இது நாடாளுமன்றம் தனிச் சட்டம் இயற்றி உருவாக்கிய ஆணையம் அல்ல. சங்கங்கள் பதிவுச் சட்டத்தின்கீழ்ப் பதிவு செய்யப்பட்ட அமைப்பு. இந்த ஒரு செய்தியை மனத்தில் வைத்துக்கொண்டால் மற்றவை எளிதில் விளங்கும். பதிவு பெற்ற சங்கம் என்பதால் அதன் உச்ச அதிகாரம் ஆளுகைக் குழுவிடம் இருக்கிறது. தலைவரும் துணைத் தலைவரும், மருத்துவக் கல்வியில் நீண்ட அனுபவம் உள்ள மூத்த மருத்துவர்களும், அரசின் சார்பில் பதவி வழியாக வரும் உறுப்பினர்களும் அதில் இடம்பெறுகிறார்கள். உறுப்பினர் நியமனத்தில் அமைச்சகத்தின் கை ஓங்கியிருப்பதால், தன்னாட்சி என்ற சொல்லை அந்த எல்லைக்குள் வைத்தே புரிந்துகொள்ள வேண்டும்.

குழுவினர் அன்றாடம் அலுவலகம் வந்து கோப்பு பார்ப்பவர்கள் அல்லர். அன்றாட நிர்வாகம் செயல் இயக்குநரின் பொறுப்பு. பாடத்திட்டம், தேர்வு முறை, மருத்துவமனைகளுக்கான அங்கீகார நெறிகள், நிதி ஆகியவற்றில் கொள்கை முடிவுகள் குழுவிடமிருந்து வருகின்றன. அவற்றைச் செயல்படுத்துவதும், நாம் இணையதளத்தில் படிக்கும் அறிவிப்புகளை வெளியிடுவதும் அலுவலகத்தின் வேலை.

இந்த ஏற்பாடு எப்படி நடக்கிறது என்பதை நான் அருகிலிருந்து கண்டது அங்கீகாரப் பணியில்தான். ஒரு மருத்துவமனை டி.என்.பி. இடங்கள் கேட்டு விண்ணப்பித்தால், வாரியம் வேறு நிறுவனத்தைச் சேர்ந்த மூத்த நிபுணர் ஒருவரை ஆய்வுக்கு அனுப்புகிறது. எங்கள் துறைக்கு வந்த ஆய்வாளர் முதலில் கேட்டது அறுவை அரங்கப் பதிவேட்டை. எத்தனை அறுவைகள் நடந்தன என்று எண்ணியதோடு நிற்காமல், அவற்றில் எத்தனையில் பயிற்சி மருத்துவரின் பெயர் முதல் உதவியாளராக இருக்கிறது என்று பக்கம் பக்கமாகப் பார்த்தார். பிறகு ஆசிரியர்களான எங்களை வெளியே இருக்கச் சொல்லிவிட்டுப் பயிற்சி மருத்துவர்களிடம் தனியே பேசினார். உதவித்தொகை மாதாமாதம் வருகிறதா, வாரத்தில் எத்தனை வகுப்புகள் உண்மையில் நடக்கின்றன என்பதெல்லாம் அங்கேதான் வெளிவரும். அவர் தருவது அறிக்கை மட்டுமே. இடம் தருவதா, மறுப்பதா, குறையைச் சரிசெய்யச் சொல்வதா என்பது அறிக்கையைப் பரிசீலித்த பிறகு வாரியத்தின் மட்டத்தில் முடிவாகிறது. ஆய்வு செய்பவரும் தீர்ப்பு சொல்பவரும் ஒருவராக இருக்கக் கூடாது என்ற இந்த ஏற்பாட்டை நான் மிகவும் மதிக்கிறேன். இறுதித் தேர்விலும் பயிற்சி தந்த ஆசிரியர் கையில் மதிப்பெண் இல்லை. நான்கு தாள்கள், மொத்தம் 400 மதிப்பெண், தேர்ச்சிக்கு 200. செய்முறைத் தேர்வுக்கான தேர்வாளர்களை வாரியமே நியமிக்கிறது.

நுழைவுத் தேர்வுகளின் கதை வேறு. முதுநிலை மருத்துவ நுழைவுத் தேர்வான நீட் பி.ஜி.யை வாரியம் நடத்துகிறது என்பது உண்மை. ஆனால் யார் தகுதி பெற்றவர் என்பதற்கான அளவுகோல், அதாவது பொதுப் பிரிவுக்கு 50-ஆம் பெர்சன்டைல் (எழுதியவர்களில் பாதிப் பேரையாவது முந்திய நிலை), இடஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு 40 என்பது, முதுநிலை மருத்துவக் கல்விக்கான ஒழுங்குமுறை விதிகளிலிருந்து வருகிறது. அந்த விதிகள் இன்று தேசிய மருத்துவ ஆணையத்தின் பொறுப்பில் உள்ளன. 2023 செப்டம்பரில் எல்லாப் பிரிவினருக்கும் அது பூஜ்யமாகக் குறைக்கப்பட்டபோது முடிவெடுத்தது சுகாதார அமைச்சகம். அகில இந்திய ஒதுக்கீட்டு இடங்களுக்கான கலந்தாய்வை நடத்துவது எம்.சி.சி. எனப்படும் மருத்துவக் கலந்தாய்வுக் குழு; அது சுகாதாரச் சேவைகள் தலைமை இயக்குநரகத்தின்கீழ் வருவது. மாநில ஒதுக்கீட்டு இடங்களுக்கு மாநிலத் தேர்வுக் குழு. இளநிலைக்கான நீட் தேர்வை நடத்தும் என்.டி.ஏ. (தேசியத் தேர்வு முகமை) முற்றிலும் வேறு அமைப்பு. அது கல்வி அமைச்சகத்தைச் சார்ந்தது.

தேதியும் அப்படித்தான். 2024 ஜூன் 23 அன்று நடக்கவிருந்த நீட் பி.ஜி., முந்தைய நாள் இரவு தள்ளிவைக்கப்பட்டது. வெளியூர் மையத்துக்குப் போய் விடுதியில் தங்கியிருந்த மருத்துவர்கள் இரவு பத்து மணிக்கு மேல் தொலைபேசியில் அழைத்து, திரும்பி வருவதா, அங்கேயே இருப்பதா என்று கேட்டார்கள். அந்த முடிவும் சுகாதார அமைச்சகத்திடமிருந்துதான் வந்தது. மற்ற சில தேர்வுகளின் நேர்மை குறித்து எழுந்த புகார்களையொட்டிய முன்னெச்சரிக்கை என்று காரணம் சொல்லப்பட்டது. ஆகஸ்ட் 11 அன்று இரண்டு ஷிப்டுகளாகத் தேர்வு நடந்தது. அடுத்த ஆண்டும் இரண்டு ஷிப்டு என்று அறிவிக்கப்பட்டபோது மருத்துவர்கள் உச்ச நீதிமன்றம் சென்றனர். 2025 மே 30 அன்று ஒரே ஷிப்டில் நடத்த வேண்டும் என்று உத்தரவு வந்ததால், ஜூன் 15-க்குக் குறித்த தேர்வு ஆகஸ்ட் 3-க்கு மாறியது. இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் எழுதும் தேர்வின் வடிவம் நீதிமன்றத்தில் தீர்மானிக்கப்பட வேண்டிய நிலை ஏன் வந்தது என்பதை ஆளுகைக் குழு ஆழ்ந்து சிந்திக்க வேண்டும். தேர்வு எழுதுவோரின் குரலும் பயிற்சி மருத்துவர்களின் குரலும் குழுவுக்குள் முறையாக ஒலிக்க வழியிருந்திருந்தால், ஷிப்டுக்கு ஒன்றாக வரும் இரண்டு வினாத்தாள்களின் கடினத்தை ஒப்பிடுவதிலுள்ள சிக்கல் முன்கூட்டியே பேசப்பட்டிருக்கும் என்பது என் உறுதியான கருத்து.

டி.என்.பி.க்கு எம்.டி., எம்.எஸ். இணைத் தகுதி உண்டா என்ற கேள்விக்கும் வாரியத்தின் அறிவிப்புகளில் விடை தேட வேண்டாம். 2019-ஆம் ஆண்டின் தேசிய மருத்துவ ஆணையச் சட்டமே அதைச் சொல்கிறது. மருத்துவமனையுடன் கூடிய மருத்துவ நிறுவனத்திலோ, 500 அல்லது அதற்கு மேற்பட்ட படுக்கைகள் உள்ள மருத்துவமனையிலோ பயின்று பெற்ற டி.என்.பி. எல்லா வகையிலும் இணையானது. மற்ற இடங்களில் பயின்றவர்கள் ஆசிரியர் பணிக்கு வர விரும்பினால், மருத்துவக் கல்லூரியில் கூடுதலாக ஓராண்டு சீனியர் ரெசிடென்சி (முதுநிலை முடித்தபின் செய்யும் உறைவிட மருத்துவர் பணி) செய்ய வேண்டும். இடத்தைத் தேர்ந்தெடுக்கும் முன்பே மருத்துவமனையின் படுக்கை எண்ணிக்கையைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். சேர்ந்த பிறகு இதை அறிந்து வருந்தியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

வாரியத்தின் அறிவிப்பு வந்தவுடன், யாருடைய ஆணைப்படி அது வெளியிடப்படுகிறது என்ற வரியைத் தேடிப் படியுங்கள். பெரும்பாலும் முதல் பத்தியிலேயே அமைச்சகத்தின் கடிதமோ நீதிமன்ற உத்தரவோ குறிப்பிடப்பட்டிருக்கும். அப்படி எதுவும் இல்லையென்றால் அது வாரியத்தின் சொந்த முடிவு என்று கொண்டு, அங்கேயே முறையிடலாம். பதில் வராவிட்டால், வாரியத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு 10 ரூபாய் கட்டணத்துடன் தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் விண்ணப்பியுங்கள். 'ஏன்' என்று கேட்காமல், குறிப்பிட்ட முடிவு பதிவான கூட்டக் குறிப்பின் நகலைக் கேளுங்கள். ஆவணம் கேட்டால்தான் இந்தச் சட்டம் பயன்படும். 30 நாளில் பதில் தர வேண்டும். மறுத்தால் காரணத்தை எழுத்தில் சொல்ல வேண்டும். அதிலிருந்து 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு செய்யலாம்.