அனலிட்டிக்ஸ் – பகுப்பாய்வு

பேரங்காடியில் பில் போடும் ஒவ்வொரு முறையும் என்ன வாங்கினோம், எத்தனை, எந்த நேரத்தில் என்பது பதிவாகிவிடுகிறது. அந்தப் பதிவுகளிலிருந்து எது ஓடுகிறது, எது தேங்குகிறது என்று கண்டுபிடித்து, அதற்கேற்பச் சரக்கெடுப்பதையும் விலை வைப்பதையும்தான் சில்லறை வணிகத்தில் ‘அனலிட்டிக்ஸ்’ என்கிறார்கள்.

சொல்லின் மூலம் கிரேக்கம். ‘லூஎய்ன்’ என்றால் அவிழ்த்தல். முடிச்சை முழுக்க அவிழ்ப்பது ‘அனாலுசிஸ்’. அது லத்தீன் வழியாக ஆங்கிலத்துக்குப் போய், அங்கிருந்து நம் கடைகளுக்கு வந்தது.

தமிழில் பகுப்பாய்வு. பகுப்பு எல்லோருக்கும் தெரிந்ததுதான், பிரிப்பது. எனக்குப் பிடித்தது ஆய்வு. சிங்கப்பூரின் தேக்கா சந்தையில் வாங்கிவந்த முளைக்கீரையை வீட்டில் என்ன செய்கிறோம்? ஆய்கிறோம். பழுத்த இலையையும் முற்றிய தண்டையும் விலக்கி, வேண்டியதை மட்டும் எடுக்கிறோம். சங்கப் பாடல்களில் வரும் ‘ஆயிழை’, தேர்ந்தெடுத்த நகைகளை அணிந்த பெண். தொல்காப்பியமும் ஆய்தலை ‘உள்ளதன் நுணுக்கம்’, அதாவது இருப்பது முன்னைவிட நுணுகுவது, என்ற பொருளில் சொல்கிறது. ஆக, கிரேக்கச் சொல் அவிழ்ப்பதோடு நிற்க, தமிழ்ச் சொல் அப்புறம் செய்யவேண்டிய வேலையையும் சேர்த்தே சொல்கிறது.

கடைக்கு அந்த இரண்டாவது வேலைதான் முக்கியம். சிராங்கூன் சாலையில் ஒரு மளிகைக் கடை, போன வருடம் இதே வாரம் எவ்வளவு விற்றதோ அதை வைத்து இந்த வருடம் முறுக்கு மாவும் எண்ணெயும் வரவழைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். தீபாவளி 2023-இல் நவம்பர் 12, 2024-இல் அக்டோபர் 31, 2025-இல் அக்டோபர் 20. அந்தக் கணக்கை நம்பினால், பண்டிகை முடிந்த பிறகு மாவு மூட்டை வந்து இறங்கும். தேதியை விட்டுவிட்டு, தீபாவளிக்கு எத்தனை நாள் முன்பு என்று கணக்கை மாற்றிப் போடவேண்டும். இதை மென்பொருளுக்கு யாராவது சொல்லிக்கொடுத்தாக வேண்டும். நம் பண்டிகைகளை அறிந்த கடைக்காரருக்கு இதில் பெரிய மேலாளர்களைவிடக் கை ஓங்கியிருக்கும் என்றே நம்புகிறேன்.

வாடிக்கையாளர்கள் எதை எதோடு சேர்த்து வாங்குகிறார்கள் என்று பார்ப்பது ‘கூடைப் பகுப்பாய்வு’. கணினி அறிவியலாளர் ராகேஷ் அகர்வாலும் அவருடைய சகாக்களும் 1993-இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை இதற்குக் கணினி வழியைத் திறந்துவிட்டது.

அனலிட்டிக்ஸைப் ‘புள்ளிவிவரம்’ என்று எழுதுவது பொருந்தாது, அது மூலப்பொருள் மட்டுமே. துறையைக் குறிக்கச் சிலர் ‘பகுப்பாய்வியல்’ என்று எழுதுகிறார்கள். கடை அளவில் ‘தரவுப் பகுப்பாய்வு’ போதும்.

தரவு, ‘தா’ என்பதிலிருந்து வருவது. தரப்படுவது என்று பொருள். சிங்கப்பூரின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் (2012) இதைத்தான் வலியுறுத்துகிறது: பொதுவாக, நம் சம்மதத்தோடுதான் நம் விவரங்களைத் திரட்டலாம். உறுப்பினர் அட்டைக்கோ அதிர்ஷ்டக் குலுக்கலுக்கோ கடைகள் அடையாள அட்டை எண்ணைக் கேட்டு வாங்க 2019 செப்டம்பர் 1 முதல் அனுமதி இல்லை. யாராவது கேட்டால் தயங்காமல் மறுத்துவிடுங்கள்.